மிஞ்சிய கூறு

இந்த வருஷமும் ஒரு கூறு மிஞ்சும். பொன்வயல் நகரில் எல்லோருக்கும் அது தெரியும். ஆடி பிறந்துவிட்டால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

கோச்சடைக்கு மேற்கே, வைகையை ஒட்டிய வயல்களை மனை போட்டு எழும்பிய குடியிருப்பு அது. வயல் போனாலும், வயலுக்குத் தண்ணீர் திறந்துவிட்ட மடையும் மடைக்குக் காவல் நின்ற சாமியும் போகவில்லை. மடைச்சாமிக்கு ஆடி கடைசி ஞாயிறு கிடா வெட்டு. பழைய ஊர்க்காரர்களும் புதிதாக வீடு கட்டி வந்தவர்களும் சேர்ந்து வரி போட்டு நடத்துவார்கள். தலைக்கட்டு வரி. அதாவது, அடுப்பு எரியும் வீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. வெட்டிய கிடாக்களின் கறியை வேப்பமரத்தடியில் வாழை இலைகளில் கூறு போட்டு வைப்பார்கள். வரி கொடுத்த வீட்டுக்கு ஒரு கூறு. கலெக்டர் ஆபீஸ்காரர் வீடானாலும் காய்கறி வண்டிக்காரர் வீடானாலும் ஒரே அளவு.

கூறு எடுக்க ஒரு முறை உண்டு. கருப்பு என்ற ஊர்க்காரர்தான் கூப்பிடுவார். அந்த வேலை அவர் குடும்பத்துக்கு உரியது. "இன்னார் வீடு" என்று குரல் கொடுப்பார். அந்த வீட்டு ஆள் "இருக்கோம்" என்று பதில் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் இலையில் கை வைக்கலாம்.

ஆறு வருஷமாக எல்லா வீட்டையும் கூப்பிடுகிறார்கள். எல்லா வீடும் பதில் சொல்கிறது. எல்லோரும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். கடைசியில் மரத்தடியில் ஒரே ஒரு இலை, கறியோடு கிடக்கிறது.

முதல் தடவை கருப்புவைத்தான் திட்டினார்கள். "நான் கூப்புடுறவன்தானப்பா, எலை போடுறவனா?" என்று அவர் கையை விரித்தார். அடுத்த வருஷம், கல்லூரியில் கணக்கு வாத்தியாரான வெங்கடேஷ்பாபு தானே இலைகளை எண்ணிப் பரப்பினார். ஒன்று மிஞ்சியது. மறு வருஷம் இரண்டு பேர் தனித்தனியாக எண்ணினார்கள். அப்போதும் மிஞ்சியது. அந்தக் கூறில் காக்கை உட்காரவில்லை. தெருநாய் ஒன்று கிட்டே வந்து முகர்ந்தது. பின்னாலேயே நகர்ந்து, திரும்பி ஓடியது. அதன் பிறகு 'சாமி கூறு' என்று ஒரு பெயர் வைத்து, மடையோரம் குழி தோண்டிப் புதைக்கப் பழகிவிட்டார்கள்.

அது சாமி கூறு இல்லை என்று அறிந்தவன் ஒருவன் இருந்தான். சாய்பிரசாத்.

*

சாய்பிரசாத் செல்லூர்க்காரன். தறிச் சத்தம் நின்றால் தூக்கம் கலைந்துவிடும் சந்தில் பிறந்து வளர்ந்த சௌராஷ்டிரக் குடும்பம். தறிக்காரர்களுக்குச் சாயப்பொடி விற்கும் வியாபாரம். தொண்ணூற்று மூன்றில் கடனை வாங்கிக் கோச்சடைப் பக்கம் மனை வாங்கி, மனைவி ஸ்வப்னாவோடும் ஆறு வயது மகள் ஸ்ரீவர்ஷினியோடும் குடிவந்தான்.

அவன் வாங்கிய மனை, சோணை என்ற விவசாயியின் வயல். சோணைக்கு நெஞ்சில் சீக்கு. வைத்தியத்துக்காகக் கிடைத்த விலைக்குக் கொடுத்தார். பணமும் போனது, சோணையும் போனார். அவர் மனைவி ஒச்சாயிக்கும் மகன் மருதுவுக்கும் மிஞ்சியது வயலின் கோடியில் ஒரு ஓட்டு வீடு. சாய்பிரசாத்தின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் அந்த வீடு.

அந்த நாளில் பொன்வயல் நகரில் பெரிதாக ஏற்றத்தாழ்வு கிடையாது. எல்லாம் ஒற்றைத் தளம், சிவப்புச் சிமெண்டுத் தரை, வாசலில் ஒரு டி.வி.எஸ். ஐம்பது. இருபதாம் தேதிக்கு மேல் எல்லார் வீட்டிலும் ரசம்தான். வரி கேட்டுப் போனால் எல்லோரும் ஒரே மாதிரி முனகினார்கள், ஒரே தொகையைக் கொடுத்தார்கள்.

எட்டே வருஷம். தெரு படிக்கட்டு மாதிரி ஆகிவிட்டது. சில வீடுகள் மாடி ஏறின. சில வீடுகள் மாடிக்கு மேல் மாடி ஏறின. சில வீடுகள் வெள்ளை அடிக்கக்கூட வழியில்லாமல் நின்றன. வயலை விற்காமல் வைத்திருந்த சோணையின் தம்பி கண்ணுச்சாமி, ஒரே வரப்புக்கு அந்தப் பக்கம் இருந்த மண்ணைத் தன் மகன் சூரியபிரகாஷ் மூலம் துண்டு துண்டாக விற்கத் தொடங்கினார். அண்ணன் வயலுக்குக் கிடைத்ததைப் போலப் பத்து மடங்கு. வரப்புக்கு இந்தப் பக்கத்து ஒச்சாயி, தன் வயலின் மேல் நின்ற மூன்று வீடுகளில் பாத்திரம் விளக்கினாள்.

சாய்பிரசாத் மாடி கட்டினான். மாருதி வாங்கினான். குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் ஆனான். இரண்டாயிரத்து ஒன்றில், ஆடி பிறக்கும் முன் சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசினான். எல்லோருக்கும் ஒரே வரி என்பது அநியாயம். மாடியும் காரும் உள்ளவர்கள் மேல்படி. மாடி மட்டும் உள்ளவர்கள் நடுப்படி. ஒற்றைத் தளம் கீழ்ப்படி. அதற்கும் கீழே இருப்பவர்களுக்கு விலக்கு. கைதட்டினார்கள். தான் மேல்படி கொடுக்கப்போவதை அவன் முதலிலேயே சொல்லியிருந்தான்.

விலக்கில் வந்தது ஒரே வீடு.

மறுநாளே ஒச்சாயி வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"சார், வரி."

"உங்களுக்கு வேண்டாம்மா. இந்த வருஷத்துலேர்ந்து உங்களுக்கு விலக்கு."

"வெலக்குன்னா?"

"நீங்க குடுக்க வேண்டியதில்ல. உங்க பங்கயும் வசதியா இருக்கவங்க நாங்களே போட்டுக்கிறோம்."

"ஏன், நான் செத்துட்டேனா?"

சாய்பிரசாத் சிரித்தான். "என்னம்மா நீங்க, நல்லதுக்குத்தானே பண்றோம்."

"பாத்திரம் வெளக்குன காசுதேன் சார். சுத்தமான காசு. வாங்கிக்கங்க."

"அதுக்கில்லம்மா. இதுதான் நியாயம். வெச்சுக்கங்க, மருது கல்யாணச் செலவுக்கு ஆகும்."

நோட்டை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டான். அவள் கை சாம்பலும் ஈரமுமாக இருந்தது. போகும்போது வாசலில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். இரவு சாப்பிடும்போது ஸ்வப்னாவிடம் இதைச் சொல்லி, அவன் சந்தோஷப்பட்டுக்கொண்டான்.

திருவிழா அன்று ஒச்சாயி தூக்குச்சட்டியோடு முன் வரிசையில் நின்றாள். அவளுக்கும் ஒரு கூறு போடச் சொல்லியிருந்தான் சாய்பிரசாத். இலவசமாக. கருப்பு ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். அவள் முறை வந்ததும் அவர் நாக்கு ஒரு விநாடி நின்றது. வரி கொடுக்காத வீட்டைக் கூப்பிட முடியாது. அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

ஒச்சாயி அசையவில்லை. கடைசிப் பெயரும் முடிந்து ஒரு கூறு தரையில் கிடந்தது.

"உங்களுக்குத்தாம்மா அது. எடுத்துக்கங்க," என்றான் சாய்பிரசாத்.

அவள் எடுக்கவில்லை. காலித் தூக்குச்சட்டியோடு வீட்டைப் பார்த்து நடந்தாள். கூட்டத்தின் ஓரத்தில் உசிலம்பட்டிப் பக்கத்து ஆள் ஒருவர் நின்றிருந்தார். மருதுவுக்கு நிச்சயமாகியிருந்த பெண்ணின் தாய்மாமன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனார். அன்று சாயங்காலமே வெற்றிலைபாக்குத் திரும்பி வந்துவிட்டது.

காரணம் புரியாமல் சூரியபிரகாஷைத்தான் கேட்டான் சாய்பிரசாத்.

"பெறகு? வரி இல்லாத வீட்டுல யாரு சார் பொண்ணு குடுப்பாக?" என்றான் அவன், பல்குச்சியால் பல்லைக் குத்திக்கொண்டே. "எங்காளுகள்ல ரெண்டு வீட்டத்தேன் கூப்புட மாட்டோம். ஊரு தள்ளி வெச்ச வீடு. ஆளு அத்துப் போன வீடு."

"நீ அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. உன் பெரியம்மாதானே?"

"நீங்க படிச்சவுக. தெரிஞ்சுதேன் செய்யிறீகன்னு நெனச்சேன்."

மருது ஊரை விட்டுப் போனான். திருப்பூர் என்றார்கள், பிறகு அதுவும் இல்லை என்றார்கள். அடுத்த பங்குனியில் ஒச்சாயி செத்துப்போனாள். வரி இல்லாத வீட்டுக்குப் பழைய ஊரிலிருந்து கொட்டுக்காரர் வரவில்லை, தோள் கொடுக்க ஆளும் வரவில்லை. சூரியபிரகாஷ் கோரிப்பாளையத்தில் ஒரு வேலை இருக்கிறது என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். சங்கத்தின் சார்பில் மாலை வாங்கிப் போட்டது சாய்பிரசாத். மாநகராட்சி வண்டியில் அவள் போனாள்.

அந்த ஆடியில் விலக்குக் கூறு என்று யாரும் தனியாகப் போடவில்லை. ஆனாலும் ஒன்று மிஞ்சியது.

*

பிறகு சத்தம் தொடங்கியது.

இரவில் அல்ல. பட்டப்பகலில், மத்தியானச் சாப்பாடு முடிந்து தெரு அடங்கும் வேளையில். பின்சுவருக்கு அந்தப் பக்கம் சாம்பலும் நாருமாக யாரோ பாத்திரம் விளக்கும் சத்தம். சரக், சரக் என்று ஒரே சீராக. முதலில் கேட்டது ஸ்வப்னா. சுவர் மேல் எட்டிப் பார்த்தாள். பூட்டிய வீடு, முற்றத்தில் எருக்கு, காய்ந்த தொட்டி. எட்டிப் பார்க்கும்போது சத்தம் இல்லை. தலையை இழுத்துக்கொண்டால் மறுபடி சரக், சரக்.

"எலியா இருக்கும்," என்றான் சாய்பிரசாத். அவன் குரல் அவனுக்கே வேறு மாதிரி கேட்டது.

அதே சமயம் அவன் இறங்கத் தொடங்கினான். தானே போட்ட படிகளில், ஒவ்வொரு படியாக.

கடனுக்குச் சாயம் வாங்கிய இரண்டு பெரிய தறிக்காரர்கள் கடையை மூடினார்கள். கார் போனது. அந்த ஆடியில் நடுப்படி. அதன் பிறகு மில் துணி வந்து செல்லூரில் பாதித் தறிகள் பழைய இரும்புக்குப் போயின. வீட்டை விற்றான். வாங்கியது சூரியபிரகாஷ். மாடியில் வேறு யாரோ வாடகைக்கு வர, தான் கட்டிய வீட்டின் கீழ்ப் போர்ஷனில் சாய்பிரசாத்தே வாடகைக்கு இருந்தான். கீழ்ப்படி. இரண்டாயிரத்து எட்டில் கரண்ட் கட் வந்தது. மிச்சம் இருந்த தறிகளும் பாதி நாள் நின்றன. நிற்கிற தறிக்கு எதற்குச் சாயம்?

ஏறியவர்களும் இருந்தார்கள். கீழ்ப்படியில் இருந்த வெங்கடேஷ்பாபுவின் மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போக, அவர் வீடு இரண்டே வருஷத்தில் மேல்படி ஆனது. அதை எல்லோரும் அதிர்ஷ்டம் என்றார்கள். தன் இறக்கத்தைச் சாய்பிரசாத் அப்படி நினைக்கவில்லை. யாரோ பின்னாலிருந்து, அவசரமே இல்லாமல், படிக்கு ஒரு வருஷம் இரண்டு வருஷம் என்று தள்ளிக்கொண்டு வருகிறார்கள். கீழே ஒரே ஒரு படிதான் பாக்கி. அதில் ஏற்கனவே ஒரு வீடு நிற்கிறது. துணைக்குக் கூப்பிடுகிறது.

அந்த வருஷம்தான் ஸ்ரீவர்ஷினிக்குக் கல்யாணம் நிச்சயமானது. தெற்குமாசி வீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஹரிராமின் மகன். ஆவணி முகூர்த்தம். நிச்சயத்தின்போது, "வியாபாரம்லாம் எப்படி?" என்று ஹரிராம் கேட்டதற்கு, "போயிட்டிருக்கு சம்பந்தி," என்று சொல்லிவைத்திருந்தான் சாய்பிரசாத். வீடு யாருடையது என்று அவர் கேட்கவில்லை. இவனும் சொல்லவில்லை.

ஆடி மூன்றாவது வாரம் சூரியபிரகாஷ் வீட்டு வாசலில் வந்து நின்றான். இப்போது அவன்தான் சங்கத் தலைவர். கழுத்தில் விரல் தடிமனில் செயின்.

"சார், வரி விசயமா பேசிட்டுப் போலாம்னு வந்தேன்."

"இதோ எடுத்துட்டு வாரேன்."

"அட, இருங்க. உங்களுக்கு இந்த வருசம் வேண்டாம். கமிட்டியில முடிவு பண்ணியாச்சு. விலக்கு."

சாய்பிரசாத் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். "இல்லப்பா. நான் குடுத்துடறேன்."

"எதுக்கு சார்? பொண்ணு கல்யாணத்த வெச்சுக்கிட்டு. அம்புட்டுச் செலவு இருக்குல்ல. நீங்க போட்ட சட்டந்தானே."

"சூர்யா, வாங்கிக்க. கைய நீட்டிக் கேக்கறேன்."

"என்ன சார் பெரிய பேச்செல்லாம்? நல்லதுக்குத்தேன் பண்றோம்." அவன் சாய்பிரசாத்தின் தோளைத் தட்டினான். "கூறு வீட்டுக்கு வந்துரும். நீங்க வெயில்ல வந்து நிக்கக்கூட வேண்டாம்."

அவன் போனதும் பின்சுவருக்கு அப்பால் கேட்டுக்கொண்டிருந்த சரக், சரக் நின்றது. யாரோ காது கொடுத்துக் கேட்பது போல அப்படி ஒரு அமைதி.

ஸ்வப்னா அடுப்படியிலிருந்து வந்தாள். வீட்டு பாஷையில், "வேண்டாம்னா விடுங்களேன். மிச்சம்தானே?" என்றாள்.

அப்போதுதான் அவளிடம் முழுவதையும் சொன்னான். கூப்பிடாமல் விட்ட பெயர், உசிலம்பட்டி மாமன், திரும்பி வந்த வெற்றிலைபாக்கு. ஸ்வப்னா பின்சுவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"நம்ம வர்ஷினி கல்யாணம்?" என்று மட்டும் கேட்டாள்.

அவன் மூலையில் மிச்சமிருந்த சாயப்பொடி டின்களை எண்ணத் தொடங்கினான்.

*

ஆடி கடைசி ஞாயிறு. காலை பத்து மணிக்கே வெயில் சுளீர் என்று அடித்தது.

சாய்பிரசாத் போனான். சட்டைப்பையில் இரண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டுகள். கடைசிச் சாயப்பொடி டின்களைத் தள்ளிவிட்டு வந்த பணம். எண்ணிய விரல்களின் சிவப்பு நோட்டுகளில் ஏறியிருந்தது. தண்ணீரில் எத்தனை தடவை கழுவினாலும் போகாத சிவப்பு.

வேப்பமரத்தடியில் சூரியபிரகாஷே இலை பரப்பிக்கொண்டிருந்தான். வெங்கடேஷ்பாபு எண்ணிக்கொண்டே பின்னால் வந்தார். "வரி குடுத்த வீட்டுக்கு ஒண்ணு. கரெக்ட். ஒண்ணுகூட அதிகம் இல்ல," என்று சத்தமாகச் சொன்னார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

அப்போது சாலையில் ஒரு ஆட்டோ நின்றது. இறங்கியவர் ஹரிராம். வெள்ளை வேட்டி, நெற்றியில் நாமம், கையில் கல்யாண மண்டபத்து ரசீது.

"வீட்டுக்குப் போனேன். நீங்க இங்கன்னு ஸ்வப்னா சொன்னா," என்றார். "என்ன விசேஷம்? கோயிலா?"

"ஆமா சம்பந்தி. ஊர்ச் சாமி."

"பேஷ். பார்க்கலாமே." அவர் மர நிழலில் ஒதுங்கி நின்றார். அன்று உசிலம்பட்டி மாமன் நின்ற அதே இடம்.

கருப்பு கனைத்தார். "கண்ணுச்சாமி வீடு."

"இருக்கோம்," என்றான் சூரியபிரகாஷ்.

"ரெங்கம்மா வீடு."

"இருக்கோம்."

வீடுகள் ஒவ்வொன்றாகப் போயின. இலைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. சாய்பிரசாத்தின் முறை வந்தது. கருப்புவின் நாக்கு ஒரு விநாடி நின்றது. அவர் அவனைப் பார்த்தார். அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

ஹரிராம் ஒன்றையும் கவனிக்கவில்லை. டவுன்காரருக்கு இந்த முறை தெரியாது. சாய்பிரசாத் பேசாமல் இருந்தால் இன்னும் கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். அவரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்க் காபி கொடுத்து, மண்டபம் பற்றிப் பேசி அனுப்பிவிடலாம். பேச்சை எடுத்தால் வீடு போன கதை, வியாபாரம் போன கதை, எல்லாம் அவர் காதில் விழும். மகளின் கல்யாணம் அதோடு நின்றாலும் நிற்கும்.

கடைசிப் பெயரும் முடிந்தது. கூட்டம் தரையைப் பார்த்தது.

இரண்டு கூறுகள்.

பக்கத்துப் பக்கத்தில், வேலி ஓரத்து இரண்டு வீடுகள் மாதிரி.

"ஒண்ணுதானே மிஞ்சும்?" என்றார் வெங்கடேஷ்பாபு, யாரோ பேச்சு மாறிவிட்டதைப் போல.

ஒரு குழந்தையைத் தாய் இழுத்து அணைத்துக்கொண்டாள். மேலே வேப்பங்கிளையில் அத்தனை காக்கைகள் இருந்தும் ஒன்றுகூடக் கரையவில்லை.

சாய்பிரசாத்துக்குத் தெரிந்துவிட்டது. ஒன்று அவளுடையது. இன்னொன்று தன்னுடையது. மூச்சு விட்டுக்கொண்டு நின்றாலும், கூப்பிடப்படாத வீடுகளின் வரிசையில் தன் வீடும் சேர்ந்துவிட்டது.

அவன் முன்னால் போனான். இரண்டு நோட்டுகளையும் வரித் தட்டில் வைத்தான்.

"சார்," என்று சூரியபிரகாஷ் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினான். "விருந்தாளி நிக்கிறாக. எதுக்கு இப்ப? விலக்குன்னு பேசுனதுதானே."

"விலக்குன்னா?" என்று கேட்டார் ஹரிராம், நிழலிலிருந்து.

சாய்பிரசாத் திரும்பினான்.

"வசதி இல்லாத வீட்டுக்கு வரி வேண்டாம்னு ஒரு சட்டம் சம்பந்தி. போட்டவன் நான்தான். இப்ப எனக்கு வசதி இல்ல. அந்த வீடு என்னுதில்ல. இவருது. சாயக்கடை மூடி நாலு மாசம் ஆச்சு. உங்ககிட்ட மறைச்சுட்டேன்." தட்டில் கிடந்த நோட்டுகளைக் காட்டினான். "ஆனா என் வீட்டுல அடுப்பு எரியுது. எனக்கு விலக்கு வேண்டாம்."

ஹரிராம் ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"ரெண்டு நோட்டு இருக்கே சார்," என்றான் சூரியபிரகாஷ்.

"ஒண்ணு என் வீட்டுக்கு. ஒண்ணு ஒச்சாயி வீட்டுக்கு."

அந்தப் பெயர் ஏழு வருஷமாக அந்த மரத்தடியில் உச்சரிக்கப்படவில்லை. சூரியபிரகாஷின் முகம் வெளிறியது. "அங்க ஆளில்ல சார். எப்புடி வாங்குறது?"

"குடுக்குறவுக காச வேண்டாம்னு சொல்ல நீ யாரு மாப்ள?" என்றார் கருப்பு. "வாங்கிப் போடு. வெயில் ஏறுது, கறி கெட்டுப் போகும்."

சூரியபிரகாஷ் தட்டை எடுத்தான். நோட்டுகளின் சிவப்பு அவன் விரலிலும் ஒட்டியது.

கருப்பு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். ஒரு தடவை மடைச்சாமியைப் பார்த்தார்.

"ஒச்சாயி வீடு."

பதில் இல்லை. பங்காளி யாராவது சொல்லலாம். சூரியபிரகாஷின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. அவன் ஓரடி பின்னால் போனான்.

"ஒச்சாயி வீடு," என்றார் கருப்பு மறுபடியும்.

"இருக்கோம்."

பெண் குரல். கொஞ்சம் கம்மியது. ஓட்டு வீட்டுப் பக்கமிருந்து, கையில் இருந்த வேலையை ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டுச் சொல்வது போல வந்தது. அத்தனை தலைகளும் திரும்பின. பூட்டிய கதவு. எருக்கு. காய்ந்த தொட்டி.

கருப்பு மட்டும் திரும்பவில்லை. "எடுத்துக்கிருங்க," என்றார், எல்லா வீட்டுக்கும் சொல்வது போலவே.

சூரியபிரகாஷ் குனிந்து அந்த இலையை இரண்டு கையாலும் தூக்கினான். கழுத்துச் செயின் ஆட, வெயிலில் நடந்து போய் அந்தக் கதவின் நிலைப்படியில் வைத்தான். "பெரியம்மா," என்றான். கையைத் துடைக்காமல் திரும்பி வந்தான். மரத்திலிருந்து காக்கைகள் ஒவ்வொன்றாக இறங்கி ஓட்டின் மேல் உட்கார்ந்தன.

"சாய்பிரசாத் வீடு."

சாய்பிரசாத் வாயைத் திறந்தான். பதில் சொல்லவில்லை என்றால் கூறு அங்கேயே கிடக்கும். சொல்ல வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

கருப்பு காத்திருந்தார். பிறகு இரண்டாவது தடவையாக, கொஞ்சம் மெதுவாக, "சாய்பிரசாத் வீடு," என்றார்.

"இருக்காக."

அதே குரல். அதே பக்கம்.

கருப்பு கண்ணை மூடித் திறந்தார். "எடுத்துக்கிருங்க."

சாய்பிரசாத் குனிந்தான். தூக்கியபோது இலை ஓரம் கிழிந்தது. அடியில் இன்னொரு கை வந்து தாங்கியது. ஹரிராமின் கை.

"மெதுவா," என்றார் அவர். "வாங்க, வீட்டுக்குப் போகலாம்."

இருவரும் இலையை ஏந்திக்கொண்டு நடந்தார்கள். ஹரிராம் வீட்டைப் பற்றிக் கேட்பார், கடையைப் பற்றிக் கேட்பார், கல்யாணத்தை நிறுத்திவிடலாம் என்பார் என்று சாய்பிரசாத் ஒவ்வோர் அடிக்கும் எதிர்பார்த்தான்.

வாசலுக்கு வந்ததும் ஹரிராம் நின்றார்.

"உங்களுக்காகப் பதில் சொன்னாங்களே ஒரு அம்மா. யாரு அவங்க?"

பின்சுவருக்கு அப்பால் பாத்திரம் விளக்கும் சத்தம் தொடங்கியிருந்தது. இன்று கூடவே நீர் ஊற்றி அலசும் சத்தமும் கேட்டது.

"பக்கத்து வீட்டம்மா," என்றான் சாய்பிரசாத்.

ஹரிராம் அந்தச் சத்தத்தின் பக்கம் தலையைத் திருப்பினார்.

"அப்ப அவங்களுக்கும் பத்திரிகை வெச்சுடுங்க," என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி உள்ளே போனார்.